அரைக்கால்

விசாவில் என் தொழில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்.
அதைப் படித்துவிட்டுத்தான் ரொடெல்
ஜுஃபைர் ஓட்டலில் வாசிக்கும் தன் கன்ட்ரி பாண்டுக்கு
என்னைக் கூப்பிட்டான்.
அவன் நினைத்தது வாத்தியம். அதில் எழுதியிருந்தது வால்வு.
எனக்கு இரண்டும் தெரியும் என்பது தற்செயல்.

ஊருக்குத் திரும்பிய அமெரிக்கன் ஒருவன்
நூற்று நாற்பது தினாருக்கு விட்டுப்போன ஸ்டீல் கிட்டார்:
பத்துக் கம்பி, மூன்று பெடல்,
முழங்காலுக்கு நாலு நெம்புகோல்.
வலக்கோடி நெம்புகோலில் என்னவோ கழன்றிருந்தது.
திருகாணி இருந்த துளை மட்டும் பளபளத்தது.

தள்ளினால் இரண்டாம் கம்பி
டி ஷார்ப்பிலிருந்து நேரே சி ஷார்ப்பில் போய் விழும்.
நடுவே ஒரு டி இருக்கிறது.
இருட்டில் இறங்குகிறவன் கால் தேடும் படி.
அந்த இடத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்க
ஒரு ஸ்பிரிங் வேண்டும்,
நிற்பவன் நிற்கலாம், போகிறவன் போகலாம்
என்கிற அளவுக்கு.

பேனா ஸ்பிரிங் போட்டேன்.
இருப்பதே தெரியவில்லை.
பூட்டிலிருந்து உருவியது டியோடு சரி,
அதற்கு மேல் நகரமாட்டேன் என்றது.
முழங்காலில் கன்றிய தடம்.

கழித்துப்போட்ட வால்வு பொசிஷனர் ஒன்றின் வயிற்றில்
நான் தேடியது இருந்தது.
கேட் பாஸ் எழுதினேன்:
ஸ்பிரிங், ஒன்று. பயன்: முழங்கால்.

தில்பகதூர் தாளைப் பார்த்தான்,
என் காலைப் பார்த்தான்.
"ஆபரேஷனா?" என்றான் இந்தியில்.
"வலது" என்றேன், கேள்வி புரிவதற்குள்.
அவன் அம்மாவுக்கும் தேய்ந்துவிட்டதாம்,
மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி.
ஸ்பிரிங்கை இரண்டு விரலால் அமுக்கி
விட்டுப் பார்த்தான். மறுபடி அமுக்கினான்.
"நல்ல கம்பெனியா?"
"ஜப்பான்" என்றேன்.
கையெழுத்துப் போட்டு, பத்திரமாகப் போ என்றான்.
பஸ் வரைக்கும்
லேசாக நொண்டியபடி நடந்தேன்.

சித்ரா என்றால் நம் பக்கம் ஒரு பெண்.
இங்கே அது எங்கள் முகாம், ஆகஸ்ட்,
நனைந்த துணி மாதிரிக் காற்று.
கீழ்க்கட்டிலில் கிட்டாரைக் கவிழ்த்து
வயிற்றைத் திறந்தேன்.
முதலில் முழுத் தூரம்:
கோடியில் இருக்கும் நைலான் நட்டில் சி ஷார்ப்.
பிறகு பாதி.

கால் சுற்று. அதிகம், டி வழிந்துவிட்டது.
அரைக்கால் சுற்று, பின்னால்.
மாகாணி, முன்னால்.
மாகாணி என்றொரு அளவு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது
என் ஆலன் கீயின் முனையில்.

ஒவ்வொரு திருகலுக்கும்
நிமிர்த்தி, உட்கார்ந்து, தள்ளி, கேட்டு,
மறுபடி கவிழ்த்து.
ஏசி ஓடினால் கம்பி ஏறுகிறது,
நின்றால் தளர்கிறது,
மீட்டரின் முள்ளுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?
மேல்கட்டிலிலிருந்து சதக்கத்துல்லா:
"கவுத்துறதும் நிமித்துறதுமா...
தோசையாடா சுடுறே?"

பதினொன்றாவது தோசை. மணி இரண்டே முக்கால்.
கம்ப்ரசர் நின்ற நேரம்.
முழங்கால் எதையோ தொட்டது.
சுவர் இல்லை.
வரிசையில் முன்னால் நிற்பவர் முதுகு.
டி நின்றது.
இன்னும் அழுத்தினேன், வழிவிட்டது, சி ஷார்ப்.
திரும்பி வந்தேன், டி, அதே இடத்தில்.

மேலே சத்தமில்லை.
பிறகு,
"அந்த நடுவுல உள்ளத
இன்னொருக்க அடி."

அடித்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

நாலே முக்கால் பஸ்ஸில் இடப்பக்கம் ஜன்னல்.
வலப்பக்கம் வெல்டர் ரமணய்யா,
வாய் திறந்த தூக்கம்.
என் முழங்கால் தானாகப் போய் அவர் தொடையைத் தள்ளியது.
கண் திறக்காமல் பதிலுக்குத் தள்ளினார்,
கொஞ்சம்தான்.
அதற்கு மேல் தள்ளியிருந்தால் நகர்ந்திருப்பார்.

அஸ்கர் திருப்பம் வரும்வரை
அங்கேயே இருந்தேன், டியில்.